சொல் விளக்கம்: ‘நீடித்த நுகர்வு’ சரியா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புச் சங்கம் குப்பை பிரிப்பது பற்றி ஓர் அறிவிப்பு தயாரித்தது. கன்னடமும் ஆங்கிலமும் தயார். தமிழ் என் தலையில் விழுந்தது. ‘சஸ்டெயினபிள் கன்சம்ப்ஷன்’ (இயற்கை தாங்கும் அளவுக்கு மட்டும் பயன்படுத்துவது) என்ற தலைப்பை ‘நீடித்த நுகர்வு’ என்று எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டாம் மாடியில் இருக்கும் கோலார் தங்கவயல்காரர் அதை நின்று படித்தார்.

“தம்பி, நீடித்த இருமல்னா விடாத இருமல். அப்போ இது என்ன, விடாம வாங்கிக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அகராதியை எடுத்தேன்.

முதலில் நுகர்வு. நுகர்தல் என்றால் அனுபவித்தல், உண்ணுதல். (பூவை ‘நுகர்ந்து பார்த்தேன்’ என்று எழுதுகிறவர்கள் பலர், அதற்கு முகர்தல் என்றே ஒரு சொல் இருக்கிறது.) நுகர்பொருள் வாணிபக் கழகம், நுகர்வோர் நீதிமன்றம் என்று ரேஷனிலும் வழக்கிலும் புழங்கிப் புழங்கி, அந்தச் சொல்லில் இருந்த சுகம் போய்விட்டது. இதன் பழைய தோழன் துய்த்தல். புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகையே ஆள்கிறவனுக்கும் காட்டில் வேட்டையாடுகிறவனுக்கும் “உண்பது நாழி உடுப்பவை இரண்டே” என்று கணக்குச் சொல்லிவிட்டு, “துய்ப்பேம் எனினே தப்புந பலவே” என்று முடிக்கிறார். எல்லாவற்றையும் நாமே அனுபவிப்போம் என்று கிளம்பினால் கைநழுவிப் போவது நிறைய.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு வேறு. லத்தீன் ‘கன்சூமெரே’ என்றால் முழுக்க எடுத்துத் தீர்த்துவிடுவது. உடம்பைத் தின்று தீர்ப்பதால் காசநோய்க்கும் ஒரு காலத்தில் கன்சம்ப்ஷன் என்றே பெயர். நம் சொல்லில் அனுபவிப்பது தெரிகிறது, அவர்கள் சொல்லில் தீர்ந்துபோவது தெரிகிறது. சுற்றுச்சூழல் பேச்சுக்கு அவர்கள் சொல்தான் நேர்மையானது என்பேன். ஒரு பருத்திச் சட்டைக்குப் பின்னால் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சட்டையைப் போடுகிறவருக்கு அது தெரியாது. நாம் துணி துவைத்த நுரை பெலந்தூர் ஏரியில் போய்ச் சாலை வரை பொங்கியதை இந்த ஊரே பார்த்தது. 2022இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. அதில் பெரும்பங்கு ஓட்டலில் இருந்து வந்ததில்லை, வீட்டுச் சமையலறையில் இருந்து வந்தது.

அப்புறம் ‘சஸ்டெயினபிள்’. லத்தீனில் கீழிருந்து தாங்கிப் பிடித்தல். ஆனால் இன்றைய பொருளின் வேர் ஜெர்மனியில், அதுவும் சுரங்கத்தில் இருக்கிறது. சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். வெள்ளிச் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் உலை எரிக்கவும் மரம் வெட்டி வெட்டிக் காடு காலியாவதைப் பார்த்தார். வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று 1713இல் எழுதினார். அவர் பயன்படுத்திய சொல்லில் இருந்து வந்ததுதான் ‘நாஹ்ஹால்டிக்’, சஸ்டெயினபிளுக்கு ஜெர்மன் சொல். 1987இல் சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் பற்றி அறிக்கை தந்த ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் குழு, 1992இல் ரியோ சுற்றுச்சூழல் மாநாடு என்று அந்தக் கருத்து உலகம் சுற்றியது. 2015இல் ஐ.நா. வகுத்த 17 வளர்ச்சி இலக்குகளில் 12ஆவது, பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும்.

மாடிக்காரரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “மரமாவது திரும்ப வளரும். தங்கம்?” அவருடைய அப்பா தங்கவயலில் நிலத்தடியில் வேலை பார்த்தவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் இன்னும் மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும்.

சரி, தமிழில் எது? ‘நிலையான நுகர்வு’ என்றால் மாறாத நுகர்வு, அதுவும் தப்பு. இலங்கையில் ‘நிலைபேறான’ என்கிறார்கள். நல்ல சொல், ஆனால் நம் பக்கம் பழக்கம் குறைவு. ‘பேண்தகு’ கட்டுரைகளில் ஊன்றிவிட்டது. பேணுதல் என்பது கவனித்துக் காப்பது, தகு என்பது அதற்கு ஏற்றது. பேண்தகு வளர்ச்சி என்றால் இடிக்கவில்லை. நுகர்வோடு சேர்த்தால் கொஞ்சம் நெருடும்: பேண வேண்டியது ஏரியையும் காட்டையும்தானே, நுகர்வையா? இருந்தாலும் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவருக்கு ‘பேண்தகு நுகர்வு’ என்றே சொல்வேன், கலைச்சொல் ஊருக்கு ஒன்றாக இருப்பது நல்லதில்லை.

லிஃப்ட் பக்கத்துக்கு அது போதாது. வள்ளுவர் ‘அளவறிந்து வாழாதான்’ வாழ்க்கை இருப்பதுபோலவே தெரிந்து இல்லாமல் போய்விடும் என்கிறார். ‘அளவறிந்த நுகர்வு’ என்றால் யாரும் அகராதி தேட வேண்டாம். அறிவிப்புக்கு இன்னும் எளிதாக்கி ‘அளவறிந்து வாங்குவோம்’ என்று புதுத் தாளில் எழுதி ஒட்டினேன்.

மாடிக்காரர் தலையாட்டினார். கிழித்த பழைய தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதாம், பால் கணக்கு எழுத ஆகும் என்றார்.