கவுன்சில் வீடு: உள்ளாட்சி வாடகை வீடு

லண்டன் தமிழர் பேச்சில் ‘கவுன்சில் வீடு’ என்பதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. “அவைக்குக் கவுன்சில் வீடு கிடைச்சிட்டுது” என்றால் ஈஸ்ட் ஹாமிலும் மிட்சத்திலும் உடனே புரியும். அதையே ஊரிலுள்ள சொந்தக்காரரிடம் தொலைபேசியில் சொன்னால், அரசாங்கம் சும்மா கொடுத்த வீடு என்று ஒருவர் நினைப்பார். ஹவுசிங் போர்டு வீடு மாதிரி என்று இன்னொருவர் நினைப்பார். இரண்டும் பிழை. வீட்டுக்காரர் யார் என்பதை இந்தச் சொல் சொல்லிவிடுகிறது, வாடகையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொருளை நேராகச் சொல்வோம். ஓர் உள்ளாட்சி மன்றம் தானே கட்டியோ விலைக்கு வாங்கியோ தன் பெயரில் வைத்துக்கொண்டு, தேவையைப் பார்த்துத் தெரிவுசெய்த குடும்பங்களுக்குச் சந்தையைவிடக் குறைந்த வாடகைக்கு விடும் வீடு. இதில் இலவசம் எதுவும் இல்லை. வருமானம் போதாதவர்களுக்கு வாடகை உதவித்தொகை உண்டு. ஆனால் அது வேறு ஏற்பாடு. தனியார் வீட்டில் இருப்பவருக்கும் அது கிடைக்கும்.

தமிழ்நாட்டு ஹவுசிங் போர்டு என்கிற வீட்டு வசதி வாரியம் மாநில அரசின் அமைப்பு. அங்கே பெரும்பாலும் தவணை கட்டி முடித்தால் வீடு நம் பெயருக்குக் கிரயமாகும். கவுன்சில் வீட்டில் நாற்பது வருடம் வாடகை கட்டினாலும் வீடு மன்றத்துக்கே சொந்தம். சாதாரணமாக வாடகை உரிமை ஒரே ஒரு முறைதான் அடுத்தவருக்குப் போகும். கணவனும் மனைவியும் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்து ஒருவர் இறந்தால், மற்றவருக்குத் தொடர்வதே அந்த ஒரு முறையாகக் கணக்கிடப்படும். பிள்ளைக்குப் போகும் என்று நம்பியிருந்த குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கின்றன.

இனி சொல்லின் வேர். பிற்கால லத்தீனில் ஏறத்தாழ ‘கொன்சிலியும்’ என்று ஒலித்த இரண்டு சொற்கள் உண்டு. ஒன்றுக்குக் கூட்டி அழைத்தல், கூட்டம் என்று பொருள். மற்றதற்கு ஆலோசனை என்று பொருள். இரண்டும் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நெடுங்காலம் ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்தன. ‘கவுன்சில்’ என்பது முதலாவதிலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் கூடிய அவை. தமிழ்நாட்டில் ‘கவுன்சிலர்’ நிலைத்துவிட்டாலும் அமைப்புக்கு நகராட்சி, மாநகராட்சி, மாமன்றம் என்கிறோம். இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்பார்கள். பொதுவாகச் சொல்லும்போது உள்ளூராட்சி மன்றம்.

‘மன்றம்’ இதற்கு நன்றாகப் பொருந்தும் பழஞ்சொல். சங்கப் பாடல்களில் ‘மன்று’ என்பது ஊரார் கூடும் பொதுவிடம். ‘பொதியில்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது: பொது + இல். எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் பொது வீடு என்றே வருவதால் கவுன்சில் வீட்டுக்கு இதை எடுத்தாளலாமே என்று தோன்றும். ஆனால் பொதியில் ஊர் கூடும் அம்பலம், ஒரு குடும்பம் அடுப்பு மூட்டும் இடம் இல்லை. அதை இழுத்து இங்கே ஒட்டுவது சரியாகாது. ‘குடிக்கூலி’ வீட்டு வாடகைக்கு அருமையான தமிழ். ‘வாடகை’ வடமொழி வழி வந்தது, குடிக்கூலி நம்முடையது. ஆனாலும் இன்று வாசிப்பவர் தயங்காமல் புரிந்துகொள்வது வாடகையைத்தான்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் எழுத்தில் ‘உள்ளாட்சி வாடகை வீடு’ என்பதே சரியான நிகர். யார் வைத்திருக்கிறார்கள், எந்த முறையில் தருகிறார்கள் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. பேச்சில் கவுன்சில் வீடு இருந்துவிட்டுப் போகட்டும்.

‘சோஷல் ஹவுசிங்’ என்பதைச் ‘சமூக வீட்டுவசதி’ என்று எழுதுவதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டில் “நீங்கள் எந்தச் சமூகம்?” என்றால் சாதியைக் கேட்கிறார்கள். இலங்கையில் சமூகம் என்றால் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பிரிவு. ஆக ‘சமூக வீடு’ என்று படிப்பவர் குறிப்பிட்ட ஒரு பிரிவினருக்கான குடியிருப்பு என்றே எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. மூலச் சொல் அதைச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் 2008 சட்டம் குறைந்த வாடகை வீட்டையும், பங்கு வாங்கிக் குடியேறும் வீட்டையும் சேர்த்தே அந்தப் பெயரால் குறிக்கிறது. உரிமையாளர் மன்றமாகவும் இருக்கலாம், வீட்டுச் சங்கமாகவும் (ஹவுசிங் அசோசியேஷன், லாப நோக்கின்றி வீடு விடும் அமைப்பு) இருக்கலாம். ‘பொதுநல வீட்டுவசதி’ என்று எழுதினால் குழப்பம் இல்லை.

சங்கம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழர் நிறைய வாழும் மிட்சம், மெர்ட்டன் மன்றத்தின் எல்லையில் இருக்கிறது. அந்த மன்றம் 2010இல் தன் வீடுகளை ஒரு வீட்டுச் சங்கத்துக்கு மாற்றிவிட்டது. ஆகவே அங்கே ‘கவுன்சில் வீடு’ என்று சொல்லப்படுவது சட்டப்படி சங்கத்தின் வீடு. மன்றம் ஆளைப் பரிந்துரைக்கும். வாடகையும் பழுதுவேலையும் சங்கத்திடம். குழாய் உடைந்தால் மன்றத்துக்குத் தொலைபேசி எடுத்து நேரம் வீணாவது இதனால்தான். கிளாஸ்கோ நகரமும் 2003இல் இப்படியே மொத்தமாக மாற்றியது.

சட்டத்தின் வார்த்தையும் மாறி வந்திருக்கிறது. 1890 சட்டத்தின் பெயரே ‘உழைக்கும் வகுப்பினரின் வீட்டுவசதி’. அதன் கீழ் லண்டன் கவுண்டி மன்றம் ஷோர்டிச் அருகே ஒரு சேரியை இடித்து பவுண்டரி எஸ்டேட்டைக் கட்டியது, 1900இல் திறந்தார்கள். இடித்த கல்லையும் மண்ணையும் நடுவில் குவித்து ஒரு மேடாக்கி அதன்மேல் இசைமண்டபம் வைத்தார்கள், இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆனால் சேரியில் இருந்தவர்களில் மிகச் சிலரே புது வீட்டுக்கு வந்தார்கள். வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. 1919 சட்டம் அரசு மானியத்தோடு மன்றங்களைப் பெரிய அளவில் கட்ட வைத்தது. ‘உழைக்கும் வகுப்பினர்’ என்ற கட்டுப்பாடு 1949இல்தான் நீங்கியது.

இன்று ஒரு மன்றம் இந்த வீடுகளை எப்படி நடத்துகிறது என்பதற்கு ஒரு கணக்குப் புத்தகம்தான் திறவுகோல். அதன் பெயர் வீட்டு வருவாய்க் கணக்கு; அலுவலகத்தில் எச்.ஆர்.ஏ. என்பார்கள். 1989 சட்டம் இதற்கு வேலி போட்டது. வாடகையாக வரும் பணம் பழுதுவேலை, நிர்வாகம், கடன் வட்டி என்று வீடுகளுக்கே போக வேண்டும். அதை எடுத்துச் சாலை போட முடியாது. கவுன்சில் வரியை எடுத்து இங்கே கொட்டவும் முடியாது. ‘நாங்கள் கட்டும் வரியில் அவர்கள் குடியிருக்கிறார்கள்’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2012 முதல் இங்கிலாந்து மன்றங்கள் இந்தக் கணக்கை 30 வருடத் திட்டத்தோடு தாங்களே சமாளிக்கின்றன.

வாடகையை மன்றம் நினைத்தபடி ஏற்ற முடியாது. செப்டம்பர் மாத விலைவாசி உயர்வோடு ஒரு சதவீதம் கூட்டி அடுத்த ஏப்ரலில் உயர்த்துவது வழக்கமான உச்சவரம்பு. 2016 முதல் நான்கு வருடம் ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைக்கும்படி அரசு உத்தரவிட்டது. சின்னத் தொகை மாதிரித் தெரியும். வாரம் 100 பவுண்டு வாடகை நான்கு வருடத்தில் 96 ஆகிறது. ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஏறியிருந்தால் 108 ஆகியிருக்கும். வித்தியாசம் 12 பவுண்டு. 10,000 வீடு வைத்திருக்கும் மன்றத்துக்கு அது வருடத்துக்கு 60 லட்சம் பவுண்டுக்கு மேல். பிறகு வரும் உயர்வெல்லாம் இறங்கிய அடித்தளத்தின் மேல்தான் கணக்கிடப்படும், ஆகவே அந்தப் பள்ளம் தானாக நிரம்பாது. கூரை மாற்றவும் ஜன்னல் மாற்றவும் ஒதுக்கிய தொகை இப்படித்தான் வருடக்கணக்கில் தள்ளிப்போனது.

வீடு கேட்டு வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரிந்த சொல் ‘பிட் பண்ணுறது’. இதை ‘ஏலம் கேட்பது’ என்று மொழிபெயர்த்த அறிவிப்புகள் மக்களை மிரட்டியிருக்கின்றன. பணம் ஏதும் இல்லை. காலியான வீடுகளை மன்றம் தன் தளத்தில் போடும், பல இடங்களில் வாரம் ஒரு முறை. தகுதியான வீட்டுக்கு நாம் விருப்பம் பதிகிறோம். ‘விருப்பப் பதிவு’ என்பதே சரி. முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை என்பது பொதுவாக இல்லை. முதலில் பேண்ட், அதாவது தேவையின் படிநிலை. ஒரே படியில் இருப்பவர்களுக்குள் பதிவுத் தேதி. வீடில்லாதவர், நெரிசலில் இருப்பவர், நோயால் இடம் மாற வேண்டியவர் ஆகியோருக்கு 1996 சட்டப்படி முன்னுரிமை தரவேண்டும். தவறும் இடங்கள் பெரும்பாலும் சின்னவை: ஆண்டுப் புதுப்பிப்பைத் தவறவிடுவது, பிள்ளை பிறந்ததைத் தெரிவிக்காமல் இருப்பது, தகுதிக்கு மேற்பட்ட படுக்கையறை உள்ள வீட்டுக்குப் பதிந்துகொண்டே இருப்பது. இங்கிலாந்தில் காத்திருக்கும் குடும்பங்கள் 13 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு வாரமும் பெறுமதியானது.

வரிசை நீளமாக இருக்கும்போதும் சில வீடுகள் பூட்டிக் கிடக்கும். இவற்றுக்கு ‘வாய்ட்’ என்று பெயர்; தமிழில் ‘இடைக்காலி வீடு’ எனலாம், ஒருவர் போய் அடுத்தவர் வரும் இடைவெளி என்பது அதில் வந்துவிடும். குடியிருந்தவர் நான்கு வாரம் முன்னறிவித்துச் சாவியை ஒப்படைக்கிறார். பூட்டு மாற்றம், எரிவாயுச் சோதனை, மின்சாரச் சோதனை, பழைய கட்டடமானால் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு, பழுதுவேலை, துப்புரவு, புதியவருக்குக் காட்டுதல், கையெழுத்து. ஒழுங்காகப் போனால் சில வாரங்கள். எங்கே முட்டும்? முந்தையவர் முன்பணம் போடும் மீட்டரில் கடன் வைத்துவிட்டுப் போயிருப்பார். எரிவாயு வராது, வராததால் கொதிகலனைச் சோதிக்க முடியாது, சான்றிதழ் இல்லாமல் வீட்டை விட முடியாது. வாரம் 120 பவுண்டு வீடு எட்டு வாரம் பூட்டிக் கிடந்தால் 960 பவுண்டு அதே கணக்கிலிருந்து போகிறது. சாவி வாங்கும் நாளிலேயே மீட்டரைப் படம் எடுத்து மின்சார, எரிவாயு நிறுவனத்துக்கு அனுப்பும் மன்றத்தில் இந்த முடிச்சு விழுவதில்லை.

பழுதுவேலையில் இப்போது காலக்கெடு வந்துவிட்டது. ரொச்டேலில் பூஞ்சை படர்ந்த சங்க வீட்டில் வாழ்ந்து 2020இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரால் ‘அவாப் சட்டம்’ வந்தது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறை. உடனடியான பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வு செய்து ஆபத்தை நீக்க வேண்டும். ஆபத்தான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலைநாளுக்குள் ஆய்வு, ஆய்வு முடிந்து 3 வேலைநாளுக்குள் எழுத்தில் முடிவு, 5 வேலைநாளுக்குள் பாதுகாப்பு வேலை. ஆகவே பூஞ்சையைத் தொலைபேசியில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். தேதியோடு எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியவந்த நாளிலிருந்து கெடு ஓடும், அந்த நாளுக்கு எழுத்துதான் சான்று.

‘ரைட் டு பை’ என்பதற்கு ‘வாங்கும் உரிமை’ என்ற நேர்மொழிபெயர்ப்பே போதும். 1980 சட்டத்தால் குடியிருப்பவர் தள்ளுபடி விலையில் வீட்டை வாங்க முடிந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் விற்றன. விற்ற பணம் முழுவதையும் புது வீடு கட்டச் செலவிட மன்றங்களுக்குப் பல்லாண்டு அனுமதி இல்லாமல் இருந்தது, வீடுகள் குறைந்தது அதனால்தான். ஸ்கொட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்த உரிமையை நிறுத்தின. இங்கிலாந்தில் 2024 நவம்பரில் தள்ளுபடியின் உச்சத்தை வட்டாரத்தைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண்டு வரை எனச் சுருக்கினார்கள். வாங்கி ஐந்து வருடத்துக்குள் விற்றால் தள்ளுபடியைத் திருப்பித் தரவேண்டும்: முதல் வருடம் முழுவதும், பிறகு 80, 60, 40, 20 சதவீதம்.

இப்படி விற்ற வீடு மறுகை மாறும்போது ‘எக்ஸ் கவுன்சில்’ ஆகிறது. விலை குறைவென்று நம்மவர்கள் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். மாடிக் குடியிருப்பானால் கட்டடமும் நிலமும் இன்னும் மன்றத்திடமே. கூரையோ லிஃப்டோ மாற்றும்போது உங்கள் பங்கு பில் வரும், அது பல ஆயிரம் பவுண்டாக இருக்கலாம். ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலைக்கு மன்றம் முன்கூட்டியே கருத்துக் கேட்க வேண்டும். வாங்குவதற்கு முன் அடுத்த ஐந்து வருடத்தில் என்ன பெரிய வேலை திட்டமிட்டிருக்கிறார்கள் என்று வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

புதிதாகச் சேர்க்க மன்றத்துக்கு வழிகள் சில. வாடகையை நம்பிக் கடன் வாங்குவதற்கிருந்த உச்சவரம்பை 2018இல் நீக்கினார்கள். பழைய கராஜ் வரிசைகளை இடித்து இடைவெளியில் கட்டுவது, விற்ற வீட்டையே திரும்ப வாங்குவது, தனியார் கட்டும் திட்டத்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குவது என்று போகிறது. நோரிச் மன்றம் கோல்ட்ஸ்மித் தெருவில் கட்டிய 105 வீடுகள் 2019இல் பிரிட்டனின் ஸ்டிர்லிங் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றன. வெப்பம் கசியாத பாசிவ்ஹவுஸ் முறை. தபால் போடும் துளையைக்கூடக் கதவில் வைக்கவில்லை, குளிர்காற்று நுழையும் என்று பெட்டியை வெளியே வைத்தார்கள். அத்தனையும் குறைந்த வாடகைக்கு. இதைச் சொல்லும்போது ‘அஃபோர்டபிள் ரென்ட்’ என்பதோடு கலக்காதீர்கள். அது 2011இல் வந்தது, சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். ‘கட்டுபடியாகும் வாடகை’ என்று எழுதினால் லண்டனில் பலருக்குக் கட்டுபடியாகாத தொகையைக் கட்டுபடியாகும் என்று சொன்னதாகிவிடும். ‘சந்தைசார் வாடகை’ என்று எழுதுங்கள்.

வட அயர்லாந்தைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘கவுன்சில் வீடு’ என்று போடக்கூடாது. அங்கே மன்றங்கள் வீடு ஒதுக்கியதில் கத்தோலிக்கருக்குப் பாரபட்சம் காட்டுவதாகப் போராட்டம் எழுந்தது. 1968இல் கலடன் ஊரில் பிள்ளைகுட்டிக்காரக் குடும்பங்கள் காத்திருக்க, மணமாகாத 19 வயதுப் பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தது அதற்குப் பெரிய பொறியானது. 1971இல் அந்த அதிகாரத்தையே மன்றங்களிடமிருந்து எடுத்து வீட்டுவசதி நிர்வாகம் என்ற தனி அமைப்பிடம் கொடுத்தார்கள். பெல்பாஸ்டில் இன்று விண்ணப்பம் போவதும் அங்கேதான்.