சொல் விளக்கம்: குணச்சித்திர நடிகர்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. காட்பாடியில் எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிவியில் டெல்லி கணேஷின் முகம் வந்தது. முந்தின நாள் இரவு, 80 வயதில், அவர் காலமாகியிருந்தார். திரையின் அடியில் ஓடிய வரியில் ‘மூத்த குணச்சித்திர நடிகர்’ என்று போட்டிருந்தார்கள். எட்டாவது படிக்கும் அண்ணன் மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “சித்தப்பா, குணச்சித்திர நடிகர்னா இன்னா?” என்று கேட்டாள்.

“ஹீரோவும் இல்ல, வில்லனும் இல்ல, காமெடியும் இல்ல. மத்த வேஷமெல்லாம் பண்றவங்கம்மா” என்றேன்.

“இவரு காமெடி பண்ணியிருக்காரே. கமல் குள்ளமா வர்ற படத்துல வில்லனாவும் வராரே?”

பதில் சொல்ல முடியவில்லை. மிச்சமாக நின்றதற்கெல்லாம் ஒரு பெயர் என்பதுபோல அந்தச் சொல்லை நான் விளக்கியிருந்தேன். அந்த மனிதருக்கும் அது பொருந்தவில்லை, அந்தச் சொல்லுக்கும் பொருந்தவில்லை. அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

சொல்லைப் பிரித்தால் குணம், சித்திரம் என இரண்டு. இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. குணம் திருக்குறளிலேயே உட்கார்ந்திருக்கிறது: ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.’ இங்கே குணம் என்றால் நல்லது, குற்றத்துக்கு எதிர்ப்பக்கம். பேச்சுத் தமிழ் அதை அங்கேயே நிறுத்தவில்லை. ‘பிறவிக் குணம்’, ‘அவன் குணம் அப்படி’, ‘குரங்கு குணம்’ என்று நல்லது கெட்டது பாராமல் ஓர் ஆளின் உள்ளே ஊறிக் கிடப்பதை எல்லாம் குணம் என்கிறோம். காய்ச்சல் விட்டாலும் ‘குணமாயிடுச்சு’ என்கிறோம். நடிகருக்கு முன்னால் நிற்கும் குணம் இந்தப் பேச்சு வழக்கின் குணம்தான். கொலைகாரனுக்கும் குணம் உண்டு, கஞ்சனுக்கும் உண்டு, வாய் திறந்து பேசத் தெரியாத அப்பாவுக்கும் உண்டு.

சித்திரம் நமக்கு இன்னும் நெருக்கம். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற ஔவையின் வெண்பா தெரியாத வீடு இல்லை. ஆக, குணச்சித்திரம் என்றால் ஒரு குணத்தை வரைந்து காட்டும் படம். குணச்சித்திர நடிகர் என்பவர் அதைத் தன் உடம்பாலும் குரலாலும் வரைகிறவர். இந்த விளக்கத்தில் ஹீரோ, வில்லன், காமெடியன் என்ற பிரிவே வரவில்லை, பாருங்கள். அந்த எட்டாவதுப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி.

இச்சொல் ‘கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்பதற்கு ஈடாக வந்தது. கோடம்பாக்கத்தில் இன்றும் பேச்சில் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட், கேரக்டர் ரோல்தான். கேரக்டர் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து கிளம்பியது. அங்கே அதற்குப் பொருள் நாணயத்திலோ உலோகத்திலோ பொறிக்கும் குறி, பொறிக்கும் கருவி. அழியாமல் பதிந்த தடம் என்பது பிறகு மனிதரின் தன்மைக்கு ஆகிவந்தது. அவர்கள் பொறித்ததை நாம் வரைந்தோம். மொழிபெயர்த்தவர் யாரோ, சொல்லுக்குச் சொல் மாற்றாமல், அந்தத் தொழில் என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். எனக்கு இந்தச் சொல்மேல் பிரியம் வர அதுவே காரணம்.

இதற்கு முந்தைய நாடகக் கம்பெனிக் காலத்தில் குணத்தை வைத்துப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பார்ட்டை வைத்துத்தான் ஆளைச் சொன்னார்கள். ராஜபார்ட்டுக்குச் சாரீரம் வேண்டும், பபூனுக்கு வாய் வேண்டும். ஒருவருக்கு ஒரு பார்ட் அமைந்துவிட்டால் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சினிமா பேச ஆரம்பித்த பிறகு, அந்தக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் கேமராவுக்கு முன்னால் வந்தபோது, பார்ட் என்ற கூண்டு அவர்களுக்குப் போதவில்லை. டி. எஸ். பாலையாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936-இல் சினிமாவுக்கு வந்து, வில்லனாகப் பேர் வாங்கி, 1964-65 வாக்கில் பார்த்தால் பணத்தாசை பிடித்த அப்பாவாகச் சிரிக்க வைக்கிறார். இன்னொரு படத்தில் செருக்குப் பிடித்த பாடகராக வந்து நிற்கிறார். இவரை எந்தப் பார்ட்டில் சேர்ப்பது? இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஒரு புதுச் சொல் தேவைப்பட்டது.

டெல்லி கணேஷ் அந்த வரிசையின் பிற்காலத்து ஆள். 1944-இல் தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்து ஆண்டுகள் இந்திய விமானப் படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் நடித்தார். 1977-இல் கே. பாலசந்தர் ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் அறிமுகம் செய்தபோது பெயரோடு டெல்லியும் சேர்ந்தது. 400 படங்களுக்கு மேல் நடித்தார். ‘பசி’ படத்தில் ரிக்‌ஷாக்காரர், அதற்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு. ‘சிந்து பைரவி’யில் குடியை விட முடியாத மிருதங்கக்காரர். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ வில்லன்களில் ஒருவர். அடுத்த ஆண்டே ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையல்காரர்.

அந்த மிருதங்கக்காரரை ஒரு தடவை ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பாட்டு பாடுகிறவர்மேல்தான் காட்சி நடக்கிறது. இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தோளிலும், பேச வாயெடுத்து நிறுத்துகிற அந்தத் தயக்கத்திலும், தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிற ஒருவரின் கூச்சம் இருக்கிறது. குணம் என்று பேச்சில் சொல்கிறோமே, அது கண்ணுக்குத் தெரிகிற இடம் அது.

இனி எங்கள் ஊர்ப்பக்கச் செய்தி ஒன்று. அரக்கோணத்திலிருந்து காட்பாடிக்கு வரும் பாசஞ்சர் ரயிலில், சோளிங்கருக்கு முன்னால் மகேந்திரவாடி என்று ஒரு சின்ன நிலையம் வரும். பழைய வட ஆற்காட்டு ஊர், இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஏரிக்கரைப் பக்கம் தனியாகக் கிடக்கும் ஒரே பாறையைக் குடைந்து பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்குக் கோயில் எடுத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவன் தன்னைக் குறிக்கும் பெயர் ‘குணபரன்’. அவனுடைய இன்னொரு பட்டம் ‘சித்திரகாரப்புலி’, ஓவியர்களில் புலி. மூன்றாவதாக ‘மத்தவிலாசன்’. அதே பெயரில் ஓர் எள்ளல் நாடகம் எழுதியவன் அவன். செய்யாறு பக்கத்து மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டிலும் அந்த நாடகத்தின் பெயர் இருக்கிறது.

குணச்சித்திரம் என்ற சொல் மகேந்திரனிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் குணமும் சித்திரமும் நாடகமும் ஒரே மனிதனின் பட்டங்களாக எங்கள் மண்ணில் சேர்ந்திருந்தன என்பது உண்மை. அந்தப் பாறைக்கு முன்னால் நின்றபோது இது நினைவுக்கு வந்து நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வரைவதும் நடிப்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதற்கு இன்னும் பழைய சாட்சி மணிமேகலையில் இருக்கிறது. நாடகக் கணிகையர் கற்க வேண்டியவற்றைச் சொல்லிவரும்போது, ‘நாடக மகளிர்க்கு நன்கனம் வகுத்த ஓவியச் செந்நூல்’ என்கிறார் சாத்தனார். நாடக மகளிருக்கென்றே வகுக்கப்பட்ட ஓவிய நூல்! நடிக்கிறவருக்கு ஓவியம் எதற்கு என்று கேட்பவர்கள், ஒரு கூத்து ராத்திரி ஒப்பனை நடக்கும் இடத்தில் போய் உட்கார வேண்டும்.

சின்ன வயதில் ஆரணிப் பக்கம் பாட்டி ஊரில், திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு முன்னால் அப்படி நான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் யாருக்கும் மேக்கப் போட்டுவிடவில்லை. அவரவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடி. கொட்டாங்குச்சியில் எண்ணெயில் குழைத்த வண்ணம். ஈர்க்குச்சியைத் தோய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒருவர் தன் கன்னத்தில் கோடு இழுத்தார். புருவம் எழுதினார், மீசை எழுதினார். ஆமாம், எழுதினார் என்றுதான் சொல்வார்கள். எழுதுதல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வரைதல் என்ற பொருளும் உண்டு. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்’ என்று குறள் சொல்வது கண்ணுக்கு மை தீட்டுவதைத்தான். கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கடைசியில் கட்டினார். அதுவரை எங்களோடு பீடி குடித்துக்கொண்டிருந்தவர், கட்டி முடித்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது.

அப்புறம் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து வேஷக்காரர் பாடுவார், தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடுவார். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் ‘யார் வருவது, எந்த ஊர் ராஜா’ என்று கேள்வி கேட்டு இழுப்பான். துணி விலகுவதற்கு முன்பே வரப்போகிறவனின் குணம் சபைக்குத் தெரிந்துவிடும். துரியோதனன் என்றால் அந்த அகம்பாவம் சலங்கையிலேயே கேட்கும். இதைக் குணச்சித்திரம் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. “இன்னிக்கு துரியோதனன் யாரு கட்றது?” என்பார்கள். வேஷம் கட்டுவது, அதுதான் எங்கள் சொல்.

கூத்துக்கும் சினிமாவின் குணச்சித்திரத்துக்கும் நேரடி வழியே உண்டு. செய்யாறு பக்கம் புரிசைக் கிராமத்தின் கண்ணப்பத் தம்பிரான், தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பத்தில் வந்தவர். அவருடைய கூத்தில் மனம் பறிகொடுத்தவர் எழுத்தாளர் ந. முத்துசாமி. அவர் 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் நடிகர்களுக்குத் தம்பிரான் கூத்தைக் கற்றுக்கொடுத்தார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லோரும் அந்தப் பட்டறையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள். இன்று மூவரையும் குணச்சித்திர நடிகர்கள் என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன.

சரி, தமிழில் இதற்கு நேர்ச்சொல் எது? ‘துணை நடிகர்’ என்று சிலர் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூட்டத்தில் நிற்கும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். அதோடு, துணை என்பது படத்தில் அவருக்குள்ள இடத்தைச் சொல்கிறது. அவர் செய்யும் வேலையைச் சொல்லவில்லை. மாநில விருதில் ‘சிறந்த குணச்சித்திர நடிகர்’ என்று போடுவது எவ்வளவோ மேல். ‘கதாபாத்திர நடிகர்’ என்றால் எல்லா நடிகரும் அதில் அடங்கிவிடுவார்கள்.

தனித்தமிழ்தான் வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது ‘பண்போவிய நடிகர்’. குணத்துக்குப் பண்பு, சித்திரத்துக்கு ஓவியம். ஓவியம் நம்முடைய பழைய சொல்; புறநானூற்றில் அழகான வீட்டை ‘ஓவத்தன்ன’ என்கிறார் ஒரு புலவர், ஓவியம் போன்றது என்று. பண்பு என்றால் நற்பண்பு மட்டும்தானே, வில்லனுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கலித்தொகையின் ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இலக்கணத்தில் பண்புக்கு அந்தச் சாய்வு கிடையாது. பண்புத்தொகை படித்தோமே, செந்தாமரை, வட்டப்பலகை என்று. வண்ணம், வடிவு, அளவு, சுவை முதலியவற்றைப் பண்பு என்று எடுத்துக்கொள்கிறது தொல்காப்பியம். நடிகரின் கையிருப்பும் கிட்டத்தட்ட இதேதான்: முகத்தின் வண்ணம், உடம்பின் வடிவு, மிகாமலும் குறையாமலும் நிற்கும் அளவு, கடைசியில் சுவை.

இருந்தாலும் நான் எழுதும்போது குணச்சித்திரத்தையே வைத்துக்கொள்வேன். துண்டுகள் வெளியிலிருந்து வந்தவை என்றாலும் தைத்தது தமிழ் ஊசி. மரம், சட்டம் சேர்ந்து மரச்சட்டம் ஆவதுபோல, குணத்தின் ‘ம்’ விழுந்து, நடுவில் ‘ச்’ பிறந்திருக்கிறது. அதனால் ‘குணசித்திரம்’ என்று எழுதுவது பிழை. டிவியில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிய வரியில் ‘ச்’ சரியாக இருந்தது. அண்ணன் மகளும் அதை அழுத்தித்தான் படித்தாள்.