புயல் சின்னத்தின் பெயரை வைத்து மழையைக் கணக்குப் போடாதீர்கள்

"வெறும் தாழ்வுப் பகுதிதானே, புயல் இல்லையே" என்ற பேச்சு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் காதில் விழுகிறது. இது ஆபத்தான கணக்கு. அந்தப் பெயர்கள் காற்றின் வேகத்தைத்தான் சொல்கின்றன. மழையைப் பற்றி அவற்றில் ஒன்றுமே இல்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ள படிகள் இவை. சுழற்சியைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாக இருக்கும்வரை காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர் சூட்டுவார்கள். 89ல் தீவிரப் புயல், 118ல் மிகத் தீவிரப் புயல், 167ல் அதி தீவிரப் புயல், 222ல் சூப்பர் புயல். இவை மூன்று நிமிடச் சராசரி வேகங்கள். இடையிடையே வீசும் சூறைக்காற்று இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இப்போது மழைக்கு வருவோம். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அன்று அங்கே புயல் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சிதான் காரணம். வேகமாகக் கடந்துபோகும் புயலைவிட, நகராமல் நின்று கடல் ஈரத்தை ஒரே இடத்தில் கொட்டும் சுழற்சி அதிக வெள்ளத்தைத் தரலாம்.

ஆகவே மழைக்கு மழைச் சொற்களையே பாருங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. என்றால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் சுமார் 18,500 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரி. வடிகுழாய் வாயில் இலைச் சருகு அடைத்திருந்தால் இது எங்கே போகும்? மழைக்கு முன்பே ஏறிப் பார்த்துவிடுங்கள்.

வானிலை அறிக்கையில் வரும் "ஓரிரு இடங்களில்" என்பதையும் தவறாகப் படிக்கிறார்கள். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கோ அதற்குக் குறைவாகவோ என்பது அதன் பொருள். மழை குறைவு என்று அர்த்தமில்லை. அந்த ஓரிரு இடங்களில் உங்கள் ஊரும் ஒன்றாக இருக்கலாம்.

கடலுக்குப் போகிறவர்கள் அறிக்கையில் இன்றைய பெயரைவிட "மேலும் வலுப்பெறக்கூடும்" என்ற வரியைத்தான் தேட வேண்டும். 2017 நவம்பர் 29ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே ஒக்கி புயலாகிவிட்டது. அதற்குள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. எண் கூடக்கூட ஆபத்தும் ஒவ்வொரு படியாகக் கூடும் என்பது பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. மாறுவது பக்கம் மட்டும். 5 என்றால் புயல் அந்தத் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். 6 என்றால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துபோனால் 11.

பக்கம் ஏன் முக்கியம்? நம் பகுதியில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்கு நோக்கி வரும் புயல் கரை கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடல்நீரைக் கரைக்குள் தள்ளும். தெற்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எனவே கடல்நீர் ஊருக்குள் புகுவது பெரும்பாலும் வடபக்கத்தில்தான். அந்த நேரம் ஓதமும் (கடலின் அன்றாட ஏற்றம்) ஏறியிருந்தால் நீர்மட்டம் இன்னும் உயரும்.

வானம் தெளிவாக, காற்றே இல்லாமலும் கடல் பொங்கும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய பலத்த காற்று எழுப்பிய அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை இழுத்துச் சென்றது இத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்குத் தனியாக அறிவிப்பு வெளியிடுகிறது. அது நடப்பில் இருக்கும்போது பாறைகளில் ஏறாதீர்கள், நீரில் காலை நனைக்கவும் இறங்காதீர்கள். படகுகளை மணலில் வழக்கத்தைவிட மேலே ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.