கியர்பொக்ஸைக் கழற்றும் முன் சூட்டை அளந்து பாருங்கள்

சில வாரங்களுக்கு முன் ஒரு டபள் கெப் (இரண்டு வரிசை இருக்கைகளும் பின்னால் பாரம் ஏற்றும் தட்டும் உள்ள வண்டி) என் கராஜுக்கு வந்தது. அதன் உரிமையாளர் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் பருப்பும் மொத்தமாக வாங்கி, ஹற்றன் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வண்டியைப் பழையதாக வாங்கி மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் கியர்பொக்ஸ் ஒயிலின் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றார். வேறு ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். கியர்பொக்ஸ் முடிந்துவிட்டது, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வேறொன்று பார்த்து மாற்றுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"அண்ணன், நகையை அடகு வைக்கத்தான் போகிறேன். அதற்கு முன்னம் நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கைமாறிய கெப் வண்டிகள் பலவும் இன்று வயதானவை. அவற்றில் ஒயில் சூடாவது பெரிய அதிசயமில்லை. சூட்டைக் கண்டவுடன் கியர்பொக்ஸையே குற்றவாளியாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒட்டோ கியர்பொக்ஸில் சூடு பெரும்பாலும் டோர்க் கன்வேர்ட்டரில், அதாவது என்ஜினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பகுதியில், பிறக்கிறது. என்ஜின் சுற்றும் வேகத்துக்கும் கியர்பொக்ஸ் சுற்றும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒயிலைக் கலக்கிச் சூடாக்குகிறது. பேஸ்லைன் வீதி நெரிசலில் டி கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பதும் இதைத்தான் செய்கிறது. பாரத்துடன் மெதுவாக மலையேறும்போது இன்னும் மோசம். வேகம் நிலையானதும் உள்ளே இருக்கும் லொக்கப் கிளட்ச் இரண்டையும் பிணைத்துவிடும், சூடு இறங்கும். சாதாரண ஓட்டத்தில் ஒயில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. ஏற்றத்தில் 110 வரை போய், பிறகு இறங்கினால் நான் பதற மாட்டேன். 120ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஒயில் கருகத் தொடங்கும், இறப்பர் சீல்கள் இறுகும்.

அந்த வண்டியில் முதலில் ஸ்கேனரை (வண்டியின் கணினி பதியும் அளவுகளையும் கோளாறுகளையும் வாசிக்கும் கருவி) பொருத்தி, ஏசியைப் போட்டு, நடுப்பகலில் நெரிசலுக்குள் ஓட்டினேன். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டையும் கியர்பொக்ஸ் ஒயிலின் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் ரேடியேட்டர், அதன் விசிறிக் கிளட்ச், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அடைந்த சேறு என்று தேடலாம். இங்கே தண்ணீர் 90இல் அசையாமல் நின்றது, ஒயில் மட்டும் 114க்குப் போனது. அடுத்து, அதிவேக நெடுஞ்சாலையில் சீராக 80 கி.மீ. வேகத்தில் ஓட்டினேன். லொக்கப் பிடித்தது, நழுவல், அதாவது இரண்டின் வேக வித்தியாசம், ஏறக்குறைய பூச்சியம். ஒயிலும் மெதுவாக 100க்கு இறங்கியது. ஆகவே கிளட்ச் நன்றாக இருக்கிறது. பிறக்கிற சூடு வெளியேறத்தான் வழியில்லை.

முன்னைய உரிமையாளர் முன்பக்கத்தில் தனியாக ஒரு ஒயில் கூலர் பூட்டியிருந்தார். அகச்சிவப்பு வெப்பமானியால் அதன் இரு குழாய்களையும் அளந்தேன். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி பிழையாகக் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். உள்ளே போகும் குழாய் 104, வெளியே வரும் குழாய் 47. என் உதவியாளர் தம்பி, கூலர் அருமையாக வேலை செய்கிறது என்று மகிழ்ந்தான். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தால் ஒயில் கூலருக்குள் தேங்கி நிற்கிறது என்று பொருள். நன்றாக ஓடும் கூலரில் நான் வழக்கமாகக் காண்பது 10, 20 பாகை வித்தியாசம்தான்.

திரும்பி வரும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, என்ஜினை 20 விநாடி மட்டும் ஓடவிட்டோம். ஏறக்குறைய ஒரு லீட்டர் வர வேண்டிய இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான் வந்தது. (சூடான ஒயில் தோலை உரித்துவிடும், இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) முன் பம்பருக்குப் பின்னால் குழாய் வளையும் இடத்தில் விரலால் தடவினேன். கூலர் பூட்டியவர் அந்தச் சூட்டுக்கும் ஒயிலுக்கும் ஏற்காத சாதாரண இறப்பர் ஹோஸைப் போட்டிருந்தார். அது உள்ளே ஊதி, வளைவில் மடிந்து, வழியை அடைத்திருந்தது.

ஹோஸை மாற்றினோம். ஒயிலும் கறுத்திருந்தது, கருகல் வாசமும் இருந்தது. ஒயில் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். உலோகத் துகள்களைப் பிடிக்க அதில் வைத்திருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும். அது இயல்பான தேய்மானம். கருஞ்செதில்களோ உலோகச் சீவல்களோ கிடந்திருந்தால் நானும் கியர்பொக்ஸைத் திறக்கத்தான் சொல்லியிருப்பேன்.

புது ஒயிலை ஊற்றும்போது மட்டத்தில் கவனம் வேண்டும். இப்போதைய கெப்களில் பலவற்றுக்கு அளவுகோல் கம்பி இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமதரையில் நிற்க, ஒயில் உற்பத்தியாளர் சொல்லும் சூட்டில் இருக்கும்போது வழிவுத் துளையைத் திறந்து பார்க்க வேண்டும். கொதிக்கும் ஒயிலில் மட்டம் பார்த்தால், விரிந்த ஒயில் வழிந்துபோய், ஆறியதும் குறைந்து நிற்கும். குறைந்த ஒயில் மறுபடி சூடாகும். கைநூலில் குறிப்பிட்ட வகையைத் தவிர வேறு ஒயிலை ஊற்றவும் கூடாது. ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்ற பேச்சை நம் வெயிலிலும் பாரத்திலும் ஓடும் வண்டிக்கு நான் ஏற்பதில்லை.

பழைய கெப் வாங்கப் போகிறவர்கள் அதிகாலைக் குளிரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஸ்கேனருடன் ஒருவரை அழைத்துச் சென்று, நடுப்பகலில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கோளாறுக் குறியீடுகளை விற்பவர் முன்னரே அழித்திருக்கலாம், ஓடிய பிறகு மறுபடி வாசியுங்கள். ரேடியேட்டர் ஆறிய பிறகு மட்டும் அதன் மூடியைத் திறந்து பாருங்கள், இளஞ்சிவப்புப் பால்போல ஏதாவது மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீரும் ஒயிலும் கலந்திருக்கிறது. தண்ணீர் பட்ட கிளட்ச் தகடுகள் மீள்வது அரிது.

அந்த டபள் கெப் மறுவாரமே பாரத்துடன் ஹற்றனுக்குப் போனது. கினிகத்தேனை ஏற்றத்தின் உச்சியில் இருந்து எனக்கு அழைத்தார். ஒயில் 103 பாகை என்றார். இனி எப்போதாவது அந்த விளக்கு எரிந்தால், ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து, என்ஜினை அணைக்காமல் சற்றுக் கூடிய வேகத்தில் ஓடவிடச் சொன்னேன். என்ஜின் ஓடினால்தான் ஒயில் கூலருக்குப் போய் வரும். தண்ணீரும் கொதித்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள் என்றேன்.