நொதிகலனை உள்நோக்கி ஒடுக்கும் காரம்

வீட்டிலேயே பியர் தயாரிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். பியரை வடித்தெடுத்த கையோடு எஃகு நொதிகலனுக்குள் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி, மூடியை இறுக்கி, நன்றாகக் குலுக்கினாராம். சிறிது நேரத்தில் கலனின் பக்கச்சுவர் உட்புறமாக ஒடுங்கிவிட்டதாம். ஊற்றியது சூடான கரைசலாக இருந்தால், உள்ளே நிறைந்த நீராவி குளிர்ந்து சுருங்கியது என்று சொல்லிவிடலாம். அவர் ஊற்றியதோ குளிர்ந்த கரைசல். தகடு மட்டமானதோ என்பது அவருடைய ஐயம். தகட்டின் மேல் குற்றமில்லை. காஸ்டிக் சோடா என்னும் காரமும், நொதித்தலின்போது பிறந்த கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து செய்த வேலை இது.

காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அழுக்கை நீக்கும் விதம் பள்ளிப் பாடத்தில் வருவதுதான். கொழுப்பின் எஸ்டர் பிணைப்புகளை அது வெட்டிச் சோப்பாக்குகிறது. புரதச் சங்கிலிகளை நீராற்பகுத்துத் துண்டாக்குகிறது. பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் அமிலத்தன்மை கொண்ட பிசின்களை நீரில் கரையும் உப்புகளாக மாற்றுகிறது. கலனின் சுவரில் காய்ந்து ஒட்டிய ஈஸ்ட்டும் பிசினும் கலந்த படிவுக்கு இதைவிட வலிய மருந்து அரிது. பியர் ஆலைகள் 1 முதல் 4 சதவீதக் கரைசலைச் சூடாக்கிப் பயன்படுத்துகின்றன. அதற்கு மேல் செறிவைக் கூட்டுவதால் கலன் மேலும் தூய்மையாவதில்லை, அலசுவதுதான் கடினமாகிறது.

நான் வியந்து நிற்பது வேறோர் இடத்தில். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறில் நடுவிலிருக்கும் கார்பன் அணுவின் எலக்ட்ரான்களை இருபுறத்து ஆக்சிஜன் அணுக்களும் தம் பக்கம் இழுத்து வைத்திருக்கின்றன. எலக்ட்ரான் குறைந்து கிடக்கும் அந்தக் கார்பனை, எதிர்மின்சுமை கொண்ட ஹைட்ராக்சைடு அயனி நேராகத் தாக்குகிறது. நேர்கோடாக இருந்த மூலக்கூறு வளைந்து பைகார்பனேட் ஆகிறது. அடுத்து வரும் இன்னொரு ஹைட்ராக்சைடு அதிலிருந்து ஒரு புரோட்டானைப் பறிக்க, கார்பனேட் உண்டாகிறது. 2 சதவீதக் கரைசலுக்குள் நுழையும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே தன் பழைய வடிவில் இருக்க முடியும்.

வெறும் நீரும் இந்த வாயுவைக் கரைத்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால், அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவுக்கு மேல் ஏற்பதில்லை. கரைவதும் வெளியேறுவதும் சமமானவுடன் ஓட்டம் நின்றுவிடும். காரக் கரைசலில் அந்தச் சமநிலைக்கே இடமில்லை, ஏனென்றால் கார்பனேட்டாக மாறியது வாயுவாகத் திரும்பி வருவதில்லை. ஹைட்ராக்சைடு மிச்சமிருக்கும் வரை கரைசல் உள்வாங்கிக்கொண்டே இருக்கும். 2 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் இருந்தால், அது சுமார் 6 லிட்டர் வாயுவைக் கார்பனேட்டாக்கிவிடும்.

வாசகரின் கலனுக்கு வருவோம். 20 லிட்டர் கலனில் 4 லிட்டர் கரைசலை ஊற்றினார் என்று வைத்துக்கொண்டால், மீதி 16 லிட்டர் இடத்தை நொதித்தலில் தங்கிய கார்பன் டை ஆக்சைடே பெரும்பாலும் நிறைத்திருக்கக்கூடும். காற்றைவிட அது கனமானது. மூடியைத் திறந்ததும் ஓடிவிடாது. குலுக்கும்போது கரைசல் சுவரெங்கும் படலமாகப் பரவ, வாயு விரைந்து மறைகிறது. வாயு இருந்த இடத்தில் வெற்றிடம் உருவாகிறது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை எடுத்துக்கொண்டால், உள்ளே பாதி வாயு மறைந்தாலே 350 கிலோவுக்கு மேற்பட்ட எடை வெளியிலிருந்து அதை அழுத்துகிறது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் அதே கலன் இதற்கு மட்டும் ஏன் பணிகிறது என்று கேட்கலாம். மெல்லிய சுவர் இழுவிசையை நன்றாகத் தாங்கும், அமுக்குவிசையில் மடிந்துவிடும். தாளைக் குழலாகச் சுருட்டி இழுத்துப் பார்த்து, பிறகு பக்கவாட்டில் அமுக்கிப் பார்த்தால் இது விளங்கும். கண்ணாடிக் கலனாக இருந்திருந்தால் ஒடுங்குவதற்குப் பதில் உடைந்து, காரத்தையும் சில்லுகளையும் சிதறடித்திருக்கும்.

இதில் இரண்டாவது இழப்பு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. மேற்சொன்ன கணக்கில், ஊற்றிய 80 கிராம் காஸ்டிக் சோடாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழுக்கைத் தொடாமலே வாயுவோடு தீர்ந்துவிடுகிறது. பிஎச் தாள் இதைக் காட்டிக்கொடுக்காது. முழுவதும் கார்பனேட்டாகிப்போன கரைசலும் 12ஐ ஒட்டிய பிஎச் காட்டும். ஆகவே, முதலில் கலனை விளிம்புவரை நீரால் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடியே வடித்துவிட வேண்டும். நீர் வெளியேறும்போது காற்று உள்ளே வந்து வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காரத்தை ஊற்றிய பிறகு காற்று நுழைய ஒரு வழியைத் திறந்தே வைத்து, குலுக்காமல் ஊறவிட வேண்டும். பெரிய ஆலைகளின் தொட்டிகளில் வெற்றிடத் தடுப்பு வால்வு பொருத்துவது இதற்காகத்தான்.

காரத்தின் கூர்மையைக் கெடுப்பது இந்த வாயுவே என்பதை 1756ல் வெளியான ஆய்வில் நிறுவியவர் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜோசப் பிளாக். நொதிக்கும் திரவத்திலிருந்து எழுவதும் அதே வாயுதான் என்பதையும் அவரே காட்டினார். சிறுநீர்க் கற்களைக் கரைக்கும் மருந்தைப் பற்றிய அக்கறையில் தொடங்கிய ஆய்வு, வாயுக்களின் வேதியியலுக்கே கதவைத் திறந்தது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆய்வுக்கு நிதி தருவோம் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேமிப்பிலும் இதே வேதியியல்தான் ஆட்சி செய்கிறது. காஸ்டிக் சோடாச் செதில்கள் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, கூடவே கார்பன் டை ஆக்சைடையும் ஏற்று, மேலே வெள்ளைக் கார்பனேட்டாகக் கட்டி தட்டும். எனவே காற்றுப் புகாத மூடியுள்ள அடர் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் கொள்கலனே தகுந்தது. குளிர்பானப் புட்டியில் ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. யாரேனும் பானமென்று குடித்துவிடும் ஆபத்து ஒருபுறம். அந்தப் புட்டியின் பெட் (PET) பிளாஸ்டிக்கே ஒரு பாலியெஸ்டர் என்பது மறுபுறம். கொழுப்பின் எஸ்டரை வெட்டும் காரம் புட்டியின் எஸ்டரையும் மெல்ல அரிக்கும். கண்ணாடி மூடி கொண்ட கண்ணாடிக் குப்பியில் மூடி இறுகிப்போகும். அலுமினியத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வெளிவரும். 27 கிராம் உலோகம் கரைந்தால் சுமார் 36 லிட்டர். அலுமினியக் கெட்டில் வைத்திருப்பவர்கள் காஸ்டிக் சோடாவை அதன் அருகிலேயே கொண்டுசெல்ல வேண்டாம். கொள்கலனின் மேல் பெயரும் எச்சரிக்கையும் எழுதி, அமிலங்களிலிருந்து விலக்கி, கண் மட்டத்துக்குக் கீழே பூட்டி வைக்க வேண்டும்.

கரைக்கும்போது குளிர்ந்த நீரில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் பிறக்கும் வெப்பம் ஓரிடத்தில் குவிந்து கொதித்துத் தெறிக்கும். லிட்டருக்கு 40 கிராம் கரைத்தாலே வெப்பநிலை சுமார் 10 டிகிரி உயரும். கையுறையைவிடவும் பக்கங்களை மூடிய கண்ணாடி முக்கியம், ஏனெனில் காரம் கண்ணின் திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழத்துக்கு இறங்கும். பட்டுவிட்டால் அந்த நொடியே ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் விரைய வேண்டும். வினிகர் ஊற்றினால் முறிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது. வினிகரைத் தேடும் நேரத்தில் பார்வை போய்விடலாம்.

உண்மையில், வீட்டு அளவில் பெரும்பாலான அழுக்குக்கு, நீரில் ஆக்சிஜன் விடும் தூய்மைப் பொடியான சோடியம் பெர்கார்பனேட்டும் வெந்நீரும் போதுமானவை. பல வாரம் காய்ந்த படிவுக்கு மட்டும் காஸ்டிக் சோடாவை எடுத்தால் போதும். பெர்கார்பனேட் கரைசலுக்கு மட்டும் சேமிப்பு விதி தலைகீழ்: அது ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருப்பதால், இறுக்கி மூடிய புட்டி வீங்கி வெடிக்கக்கூடும். அதை அன்றன்று கரைத்து, மிச்சத்தை அன்றே கொட்டிவிட வேண்டும்.