கிழிந்த வாலுக்கு மருந்து தண்ணீர்தான்

அந்த ஊறுகாய் ஜாடிக்குள் மீன் இருப்பதே முதலில் எனக்குத் தெரியவில்லை. மை கரைத்தது போன்ற அடர் நீலத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான், அடியில் ஒருக்களித்துக் கிடந்த ஊதா நிற ஃபைட்டர் மீன் கண்ணில் பட்டது. கஷ்டப்பட்டு மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாளாம். அவளுடைய அப்பா, “பிழைக்குமா சார்?” என்று கேட்டார்.

என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். வால் கிழிந்திருப்பதைப் பார்த்த அன்று ஒரு ஸ்பூன் கல் உப்பு. மறுநாள், புண்ணுக்கு நல்லது என்று அரை ஸ்பூன் மஞ்சள் தூள். மூன்றாம் நாள், வீட்டில் மிச்சமிருந்த டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டியிருக்கிறார். நான்காம் நாள், கடையில் வாங்கிய மெத்திலீன் புளூ என்ற நீல மருந்து, மூடி நிறைய. “எதற்கும் கேட்கவில்லை சார்” என்றார். ஒரு லிட்டர் ஜாடியில் நான்கு நாளில் நான்கு வைத்தியம். ஆரம்பத்தில் அந்த மீனுக்கு இருந்ததோ, புதிதாக வாங்கி வைத்த பிளாஸ்டிக் செடியில் சிக்கிய ஒரு கிழிசல் மட்டும்.

மீன்வளப் படிப்பு முடித்து, கொளத்தூர்ப் பக்கம் அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு நோய் பார்த்துச் சொல்வது என் தொழில். ஃபைட்டர் மீனோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் துடுப்புக் காயத்தோடுதான் வருகிறார்கள். அதில் நான் இழந்த மீன்களை எண்ணிப் பார்த்தால், காயத்தால் செத்ததைவிட அவசர வைத்தியத்தால் செத்தது அதிகம்.

துடுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளைப் போல மெல்லிய எலும்புக் கதிர்கள், அவற்றுக்கு நடுவே துணி போலச் சவ்வு. கிழிவது பெரும்பாலும் இந்தச் சவ்வுதான். சவ்வும் வளரும், கதிரின் ஒடிந்த நுனியும் வளரும். உடலோடு சேரும் அடிப்பகுதி சேதமில்லாமல் இருக்கும்வரை மீன் தன் துடுப்பைத் தானே திரும்ப நெய்துகொள்ளும். அதற்கு மருந்துக் கடையின் உதவி தேவையில்லை. தொந்தரவு இல்லாத, சுத்தமான, அளவான சூடுள்ள தண்ணீர் இருந்தால் போதும்.

ஆனால் எந்தக் காயம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் வந்த நேர்க் கிழிசல், விளிம்பில் நிறமாற்றம் இல்லை என்றால், எதிலோ சிக்கியிருக்கிறது. தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் பழைய நைலான் காலுறையை இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் பிரிகிறதோ, அங்கேதான் துடுப்பும் கிழிந்திருக்கும். வாலில் அரைவட்டமாகக் கடித்தெடுத்தது போல் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், தொட்டியில் வேறு மீனும் இல்லை என்றால், கடித்தது அதுவேதான். ஹாஃப்மூன் வகைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். 180 பாகைக்கு விரியும் வாலைச் சுமந்து நீந்துவது லேசான வேலை அல்ல. ஃபில்டர் நீரோட்டம் வேகமாக இருந்தாலோ, கண்ணாடியில் தன் நிழலையே எதிரி என்று நினைத்து நாள் முழுதும் விறைத்துக்கொண்டிருந்தாலோ, சில மீன்கள் தம் வாலையே கடித்துக் குறைத்துக்கொள்கின்றன.

மூன்றாவது வகைதான் உண்மையான துடுப்பு அழுகல். விளிம்பு கருத்தோ பழுப்பாகவோ சிவந்தோ இருக்கும். நாளுக்கு நாள் உள்நோக்கி அரித்துக்கொண்டு போகும். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதற்குக் காரணம். இவை எல்லாத் தண்ணீரிலும் இருப்பவைதான். தண்ணீர் கெட்டு மீன் தளர்ந்தால்தான் தலையெடுக்கும். சாதாரணக் கிழிசல் அழுக்குத் தண்ணீரில் கிடந்தால் அழுகலாக மாற அதிக நாள் ஆகாது.

ஒருவர் இரண்டு மாதம் விடாமல் அழுகல் வைத்தியம் செய்துவிட்டு என்னிடம் வந்தார். மீனைப் பார்த்தேன். கிரவுன்டெயில். அந்த வகைக்குப் பிறவியிலேயே கதிர்கள் சவ்வைத் தாண்டி முள் முள்ளாக நீண்டிருக்கும். அந்த மீனுக்கு நோயே இல்லை.

இனி தண்ணீர். “ஃபைட்டர் பாட்டிலில்கூட வாழும் சார்” என்று விற்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த மீனுக்குச் செவுளோடு கூடவே, காற்றை நேரடியாகச் சுவாசிக்க லேபிரிந்த் என்ற உறுப்பும் உண்டு. தாய்லாந்தின் வயல் நீரிலும் சதுப்பிலும் பிறந்த மீன், உயிர்வளி குறைந்த தண்ணீரிலும் மூச்சு முட்டாமல் இருக்கும். ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவுக்கு லேபிரிந்த் என்ன செய்யும்? அது செவுளையும் தோலையும் பொசுக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் பாட்டிலில் அம்மோனியா ஏற இரண்டு நாள் போதும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்கு ஆகிறது. சூடு கூடினால் இன்னும் கூடும். உப்புக்கறை படியும் போர் தண்ணீரும் சென்னையின் சித்திரை வெயிலும் சேர்ந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

அந்த நீல ஜாடித் தண்ணீரில் நிறம் பார்க்கும் சோதனை எதுவும் செய்ய முடியாது. நல்லவேளையாக, முந்தின வாரத்துத் தண்ணீர் ஒரு குவளையில் வீட்டில் இருந்தது, மறுநாள் கொண்டுவந்தார்கள். சோதனைக் குழாயில் அம்மோனியா பார்க்கும் சொட்டு விட்டேன். மஞ்சளாகவே நிற்க வேண்டியது, ஐந்து நிமிடத்தில் கரும்பச்சையாக மாறியது. அந்தப் பெண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காயம்பட்ட மீனுக்கு நான் சொல்லும் ஏற்பாடு எளிமையானது. 5 முதல் 10 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா. அடியில் கல் வேண்டாம், அலங்காரம் வேண்டாம். மூடி அவசியம், ஏனென்றால் இது குதிக்கும் மீன். ஆனால் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்று இருக்க வேண்டும். டப்பாவின் மூன்று பக்கம் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். மீனை வலையால் பிடிக்காதீர்கள். மிச்சமிருக்கும் வாலும் வலையில் மாட்டிக் கிழியும். டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே ஊற்ற வேண்டும். புதிய தண்ணீரின் சூடு பழைய தண்ணீரோடு ஒத்துப்போக வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் மத்தியான வெயிலில் காய்ந்த தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றி மீனை அவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் பிடித்து வாளியில் வைத்துவிட்டால் மாலைக்குள் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். ஏசி அறையில் டப்பாவை வைக்காதீர்கள். சின்ன டப்பா ராத்திரியில் சட்டென்று குளிர்ந்துவிடும், காலையில் மறுபடி சூடேறும். 26 முதல் 28 பாகைக்குள் நிலையாக இருப்பதுதான் இந்த மீனுக்குப் பிடிக்கும்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள். நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு, வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் எந்நேரமும் உடலுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். காயம் என்பது அந்தச் சுவரில் விழுந்த ஓட்டை. வெளித் தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தால் உள்ளே கசிவது குறைந்து, மீனின் வேலைச்சுமை இறங்குகிறது. லிட்டருக்கு 1 கிராம் போதும். அழுகல் தெரிந்தால் 2 கிராம் வரை போகலாம். கைப்பிடியால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்து, தனியே கரைத்து, மெதுவாக ஊற்றுங்கள். இப்போது முக்கியமான கணக்கு: உப்பு ஆவியாகாது. 5 லிட்டரில் இரண்டரை லிட்டரை மாற்றினால், புதிய இரண்டரை லிட்டருக்கு மட்டும்தான் உப்புச் சேர்க்க வேண்டும். தினமும் முழு அளவைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு வாரத்தில் உப்புக் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். பத்து நாளுக்கு மேல் உப்பு வேண்டாம். செடியும் நத்தையும் இருக்கும் தொட்டியில் வேண்டவே வேண்டாம்.

நாட்டு வாதுமை இலை, நம்மில் பலர் பாதாம் மரம் என்று சொல்லும் அந்தத் தெருவோர மரத்தின் இலை, நல்ல துணை. பழுத்துத் தானே உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடிக்காத மரமாகவும், புகை படியாத இடமாகவும் பாருங்கள். கழுவி, 5 லிட்டருக்குப் பாதி இலை போட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் பாக்டீரியாவைச் சற்றே அடக்கும். மங்கலான வெளிச்சத்தில் மீனும் அமைதியாகும். அதிசய மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். காசு செலவில்லாத நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

அந்த டெட்ராசைக்ளின் ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் கேட்டார். கடினத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போர் தண்ணீரில் கொட்டிய மாத்திரையில் பெரும்பகுதி மீனுக்குப் போய்ச் சேராது. தொட்டியின் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு மட்டும் கேடு செய்யும். மெத்திலீன் புளூவும் அப்படித்தான். அளவோடு, தனிப் பாத்திரத்தில், காரணம் தெரிந்து பயன்படுத்தினால் பயனுள்ள மருந்து. பிரதானத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் போய்விடும். மஞ்சள் தூள் சமையலுக்கே இருக்கட்டும். கரையாத பொடி செவுளை உறுத்துவதோடு சரி.

தீனி குறைவாகவே போதும். காலையில் இரண்டு மூன்று பெல்லட், மாலையில் அதே அளவு. இரண்டு நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும் என்பது சரிதான், ஆனால் சாக்கடையோரம் அள்ளிய புழுவைக் காயத்தோடு இருக்கும் மீனுக்குப் போடாதீர்கள். உறைய வைத்த ரத்தப்புழு கிடைத்தால் வாரம் இரண்டு முறை கொடுக்கலாம்.

எப்போது பயப்பட வேண்டும்? அரிப்பு உடலை நெருங்கினால். துடுப்பிலோ உடலிலோ ரத்தக் கோடுகள் தெரிந்தால். வாயருகிலோ முதுகிலோ பஞ்சு போல் வெண்மை படர்ந்தால். இதைப் பூஞ்சை என்று நினைத்துத் தண்ணீரைச் சூடாக்குகிறார்கள். பல சமயம் இது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய், சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். செதில்கள் அன்னாசிப் பழத்தைப் போல் விறைத்து நின்றாலும், நான்கு நாள் தொடர்ந்து தீனி தொடாவிட்டாலும் தாமதிக்காதீர்கள். இந்த நிலையில் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மீனைப் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும்.

நீல ஜாடி மீனுக்கு அன்று நான் செய்தது, அதை 6 லிட்டர் டப்பாவில் அதே சூட்டிலுள்ள வெறும் தண்ணீருக்கு மாற்றியது மட்டும்தான். உடம்பில் ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஏறியிருந்ததால் உப்புக்கூடப் போடவில்லை. இரண்டு நாள் அடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஒரு பெல்லட்டைக் கடித்துத் துப்பியது. ஐந்தாம் நாள் விழுங்கியது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைக்கச் சொல்லி, மீனை அந்தப் பெண்ணிடமே கொடுத்து அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் அப்பாவிடமிருந்து அழைப்பு. “சார், வால் ஓரம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மருந்து போடட்டுமா? அந்த நீல மருந்து இன்னும் இருக்கிறது.”

போடாதீர்கள், படத்தை அனுப்புங்கள் என்றேன். வந்தது. கிழிந்த விளிம்பைச் சுற்றி வெங்காயச் சருகு போல, ஒளி ஊடுருவும் மெல்லிய ஓரம். புதிய துடுப்பு இப்படித்தான் முளைக்கும். நிறம் பிறகுதான் ஏறும். இதையே பூஞ்சை என்று நினைத்து, குணமாகிக்கொண்டிருக்கும் மீனுக்கு மறுபடி மருந்தூற்றுகிறவர்கள் ஏராளம். பூஞ்சை என்றால் பஞ்சாக உப்பியிருக்கும், தண்ணீர் அசையும்போது இழை இழையாக ஆடும். புதிய சவ்வு தட்டையாக, வாலோடு ஒட்டி, கதிர்களின் கோடு அதற்குள்ளும் தொடர்ந்து தெரிய இருக்கும். பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: “கோடு தெரியுதுப்பா!”

சின்னக் கிழிசல்கள் ஒரு வாரம், பத்து நாளில் கூடிவிட்டன. பெரிய இடைவெளி அடைபட ஏழு வாரம் ஆனது. இப்போது அந்த மீன் 20 லிட்டர் தொட்டியில், ஸ்பான்ஜ் ஃபில்டரோடு இருக்கிறது. பிளாஸ்டிக் செடி போய் அனுபியாஸ் என்ற நிஜ நீர்ச்செடி வந்திருக்கிறது. அதன் அகன்ற இலை மேல்தான் மீன் படுத்துக்கொள்கிறதாம். வாலில் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் பழைய ஊதா வரவேயில்லை, வெளிறிய நீலமாக ஒரு பட்டை நின்றுவிட்டது. சேலை பார்டர் மாதிரி இருக்கிறது என்று அந்தப் பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.