ஒரே எடை, ஒரே கிளினிக், ஆனால் ஒரே ஆலோசனை இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர். இன்னொருவர் வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிவிட்டு, இப்போது தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி. இருவருக்கும் உயரம் 160 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. கிளினிக்கை விட்டு வரும்போது டீச்சர் கையில் உணவு அட்டவணை ஒன்றும், உணவியல் அதிகாரியைப் பார்க்க ஒரு தேதியும் இருக்கின்றன. பாட்டிக்குக் கிடைத்தது "சோற்றக் கொறைங்கம்மா" என்ற ஒரு வரி மட்டும்.

இந்த இருவரும் என் கற்பனை. வித்தியாசம் கற்பனை இல்லை. அமெரிக்காவில் 1994 முதல் 2000 வரை, அந்த வருடத்தில் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போய்வந்த பருமனானவர்களிடம், "எடையைக் குறைக்கச் சொன்னார்களா?" என்று கேட்டுப் பார்த்தார்கள். சொன்னார்கள் என்றவர்கள் 44 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களிடையே அது 41.4இலிருந்து 31.8க்குச் சரிந்துவிட்டது, பட்டதாரிகளிடமோ 45க்கு மேலேயே நின்றது. அதாவது ஆலோசனை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்துதான் முதலில் நழுவியிருக்கிறது. எனக்கு இதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வெளியே பெஞ்சு நிறைய ஆள் காத்திருக்க, டாக்டர் கையில் சில நிமிடங்கள்தான். அதற்குள் இவரிடம் சொன்னால் கேட்பாரா, சொல்வது புரியுமா என்று மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. கேள்வி கேட்கிறவருக்கு விளக்கம் நீள்கிறது, "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுகிறவருக்கு மருந்துச் சீட்டோடு முடிந்துவிடுகிறது. டாக்டர் மலாயில் பேச, பாட்டி பாதி புரிந்து பாதி ஊகித்துக்கொண்டால் இன்னும் சுருங்கும். ஹூஸ்டன் நகரத்தில் 122 டாக்டர்களிடம் ஒற்றைத் தலைவலிக்காரர் ஒருவரின் விவரத்தைக் கொடுத்து, எடையை மாற்றி மாற்றிக் காட்டிய ஓர் ஆய்வு 2001இல் வந்தது. எடை கூடக் கூட டாக்டர்கள் எழுதிய பரிசோதனைகள் கூடின, ஆனால் அந்த நோயாளியோடு செலவழிக்கப் போவதாகச் சொன்ன நேரம் குறைந்தது. வந்தது தலைவலிக்கு!

அப்புறம் கோடு எங்கே என்ற சிக்கல். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை வைத்து, உலக அளவில் 30க்கு மேல் போனால்தான் பருமன் என்பார்கள். நம் பெண்கள் இருவருக்கும் அது 28. அந்தக் கோட்டின்படி "கொஞ்சம் எடை கூட" என்பதோடு போயிற்று. ஆனால் மலேசிய மருத்துவ வழிகாட்டியில் பருமனுக்குக் கோடு 27.5, எச்சரிக்கை 23லேயே ஆரம்பம். ஏன் இப்படி என்றால், தெற்காசிய உடம்பில் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்க்கும் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. அரிசி வைக்கும் அறை நிறைந்ததும் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்குவது போல, மிச்சக் கொழுப்பு கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுப்பது இந்தக் கொழுப்புதான், அதனால்தான் பார்வைக்கு அவ்வளவு குண்டாக இல்லாதவருக்கும் இனிப்புநீர் (நீரிழிவு) வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 50.1 சதவீதம் பேர், உலக அளவில் 'எடை கூட' என்று சொல்லும் 25ஐத் தாண்டியிருந்தார்கள், மலேசிய இந்தியர்களில் 63.9. எந்தக் கோட்டை மனதில் வைத்து டாக்டர் பேசுகிறார் என்பது நமக்குச் சாதாரண விஷயம் இல்லை. தராசை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளந்து பாருங்கள்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வரைதான்.

சரி, கிடைத்த அந்த ஒரு வரியாவது உதவுமா? பாட்டி, டாக்டர் சொல்லைத் தட்டாதவர், மறுநாளே சோற்றை நிறுத்திவிட்டு பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு சாப்பிடுகிறார். ஒன்றுக்குச் சுமார் 300 கலோரி, இரண்டுக்கு 600, ஒரு கிண்ணம் சோற்றில் இருப்பதோ சுமார் 200. கூடவே தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் டீ. அதில் ஊற்றும் டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், தாராளமாக இரண்டு கரண்டி விழுந்தால் 20 கிராமுக்குக் குறையாது. காலையில் பசியாற ஒன்று, மத்தியானம் தூக்கம் கலைய ஒன்று, சாயந்திரம் யாராவது வந்தால் இன்னொன்று. பாட்டியைப் பொறுத்தவரை இது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. "அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை டீத்தண்ணி குடிப்பீங்க, பால் ஊத்தியா, பால் சீனி இல்லாத கோசோங்கா?" என்று மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு கேள்வி கேட்டிருந்தால், சோற்றில் கை வைக்காமலேயே பெரிய பகுதி குறைந்திருக்கும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டு, அதாவது கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதி காய்கறியும் பழமும், நல்ல முறைதான். ஆனால் நம் வீட்டில் சோற்றைத் தட்டு நிறையப் போட்டு அதன் மேலேயே குழம்பை ஊற்றுகிறோம், காய் ஒரு ஓரத்தில். அந்தப் பாதியை முருங்கைக்கீரை, சுரைக்காய், பயற்றங்காய் என்று பெயர் சொல்லித் தட்டில் காட்டினால்தான் பாட்டிக்குப் பிடிபடும்.

எடையைப் பற்றிப் பேசினால் நோயாளி மனம் புண்படும் என்று டாக்டர்கள் தயங்குவதும் உண்டு. இங்கிலாந்தில் 1,882 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வேறு எதற்கோ வந்தவர்களிடம் டாக்டர் வெறும் 30 விநாடி எடையைப் பற்றிப் பேசினார். பாதிப் பேருக்கு "குறைத்தால் நல்லது" என்ற அறிவுரை மட்டும். மீதிப் பேருக்கு எடைக்குறைப்பு வகுப்பு இலவசம் என்று சொல்லி, கிளினிக்கை விட்டுப் போகும் முன்பே அதில் இடமும் பிடித்துக் கொடுத்தார்கள். அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 9 சதவீதம் பேர் வகுப்புக்குப் போனார்கள், இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் 40. ஒரு வருடம் கழித்து முதல் கூட்டம் சராசரி ஒரு கிலோ குறைந்திருந்தது, இரண்டாவது 2.4 கிலோ. பேச்சை எடுத்ததே தப்பு, பயனும் இல்லை என்று சொன்னவர்கள் மொத்தத்தில் நான்கே பேர்.

ஆகவே உங்கள் அம்மாவை அடுத்த தடவை கிளினிக்குக் கூட்டிப்போகும்போது நீங்களும் உள்ளே போங்கள். அவர் காலையிலிருந்து இரவு வரை சாப்பிடுவதையும் குடிப்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வையுங்கள். உணவியல் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள், தேதியை அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.